பாலனுக்குத் தொட்டில் தேடிய ஏழை: புனித பிரான்சிஸ் அசிசியார்

திருவருகைக் காலம் வந்துவிட்டால் எமது வீடுகளில் பெரியவர்களுக்கு முந்திப் பிள்ளைகளுக்கே அவசரம் வந்துவிடுகிறது. மேலே ஏற்றி வைத்த பழைய பெட்டியை இறக்கித் தரும்படி நச்சரிப்பார்கள். வைக்கோலில் சுற்றி வைத்த சுரூபங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுப்பார்கள். சூசையப்பரின் கைத்தடி முன்னமே உடைந்திருக்கும். ஆட்டுக்குட்டிக்கு ஒரு காது இராது. என்றாலும் பிள்ளைகளின் கண்ணுக்கு அவை எல்லாம் நேற்று வாங்கியவை போலத்தான் தோன்றும்.

இந்தக் குடிலை முதலில் யார் கட்டினார் என்று ஒரு பிள்ளை கேட்டால், அசிசியார் என்று உடனே சொல்லிவிடுவோம். ஏன் கட்டினார் என்று கேட்டால் எம்மில் பலர் சற்றுத் தயங்குவோம். ஆதலால் இவ்வருடம் குடில் கட்டுவதற்கு முன்னர் அந்தப் பெரியவரின் வாழ்க்கையைக் குடும்பமாக அமர்ந்து ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நல்லது. பிள்ளைகளுக்கு அது கதை; பெற்றோருக்கு அது ஒரு கேள்வியும் கூட.

துணி வியாபாரியின் மகன்

இத்தாலி நாட்டின் நடுப்பகுதியிலே உம்பிரியா என்ற மலைப்பிரதேசம் இருக்கிறது. அதிலே ஒரு மலைச்சரிவில் அமைந்த பட்டணம் அசிசி. அங்கே 1181ஆம் ஆண்டிலோ 1182ஆம் ஆண்டிலோ ஒரு செல்வந்தர் வீட்டில் ஆண் குழந்தை பிறந்தது. தகப்பனார் பியேத்ரோ பெர்னர்தோனே பெரிய துணி வியாபாரி. பிள்ளை பிறந்த வேளையில் அவர் வியாபாரத்துக்காகப் பிரான்ஸ் தேசம் போயிருந்தார். தாயார் பீக்கா குழந்தைக்கு யோவான் என்ற பெயரில் ஞானஸ்நானம் கொடுப்பித்தார். திரும்பி வந்த தகப்பனாரோ அந்தப் பெயரை மாற்றிப் பிரான்செஸ்கோ என்று அழைத்தார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

மகன் வளர்ந்தான். கடையில் தகப்பனுக்கு உதவி செய்தான். உழைத்ததிலும் அதிகமாகச் செலவு செய்தான். நண்பர்கள், விருந்துகள், பாட்டு, நல்ல உடை என்று பட்டணத்து இளைஞருக்கெல்லாம் தலைவனாகத் திரிந்தான். தாராள மனம் அப்போதே அவனிடம் இருந்தது. ஒருநாள் கடையில் வேலை மும்முரமாக இருந்தபோது, ஆண்டவரின் பெயரால் உதவி கேட்டு வந்த பிச்சைக்காரன் ஒருவனை வெறுங்கையோடு அனுப்பிவிட்டான். பின்னர் மனச்சாட்சி குத்தியது. பெரிய பிரபு ஒருவரின் பெயரைச் சொல்லி வந்திருந்தால் கேட்டதைக் கொடுத்திருப்பேனே, ஆண்டவரின் பெயரைச் சொன்னவனுக்கு இல்லை என்றேனே என்று தன்னையே நொந்துகொண்டான். அப்படி இனி ஒருநாளும் செய்வதில்லை என்று உறுதி எடுத்தான்.

போர்வீரனாகிப் பெயர் எடுக்கவேண்டும் என்ற ஆசையும் இருந்தது. 1202ஆம் ஆண்டில் அசிசிக்கும் அயல் பட்டணமாகிய பெரூஜியாவுக்கும் நடந்த சண்டையிலே பிடிபட்டு, ஏறக்குறைய ஓராண்டு சிறையில் கிடந்தான். வீடு திரும்பியபின் நெடுநாள் நோயில் படுத்தான். எழுந்து நடந்தபோது முன்பு இனித்த எதுவும் இனிக்கவில்லை. 1205ஆம் ஆண்டில் மீண்டும் குதிரை ஏறிப் போருக்குப் புறப்பட்டான். ஸ்போலெத்தோ என்ற ஊர்வரைதான் போனான். அங்கே இரவில் கண்ட ஒரு காட்சி அவனைத் தடுத்தது. எஜமானை விட்டு ஊழியனுக்குச் சேவை செய்யப் போகிறோமோ என்ற எண்ணத்தோடு திரும்பி வந்துவிட்டான்.

இக்காலத்தில்தான் ஒருநாள் வழியில் குஷ்டரோகி ஒருவரைக் கண்டான். அத்தகைய நோயாளரைக் கண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகி ஓடுபவன் அவன். அன்று குதிரையை விட்டு இறங்கினான். கையில் பணம் வைத்து, அந்தக் கையை முத்தமிட்டான். தமது கடைசிக் காலத்தில் எழுதிவைத்த சாசனத்திலே, குஷ்டரோகிகளிடம் போனதே தமது மனமாற்றத்தின் தொடக்கம் என்று அசிசியார் தாமே குறிப்பிட்டிருக்கிறார். முன்பு கசப்பாக இருந்தது அதன்பின் இனிப்பாக மாறிற்றாம்.

தந்தையும் மகனும்

பட்டணத்துக்கு வெளியே சான் தமியானோ என்ற பழைய சிற்றாலயம் இடிந்துபோய்க் கிடந்தது. அங்கே சிலுவைச் சுரூபத்தின் முன் செபித்துக்கொண்டிருந்தபோது, இடிந்துவரும் தமது வீட்டைத் திருத்தும்படி ஆண்டவர் கேட்பதாக அவர் உணர்ந்தார். கேட்டதை அப்படியே எடுத்துக்கொண்டார். தகப்பனாரின் கடையிலிருந்து துணிகளை எடுத்துப்போய் ஃபொலிஞ்ஞோ சந்தையில் விற்றார், குதிரையையும் விற்றார். அந்தப் பணத்தை வாங்க ஆலயத்துக் குருவானவர் பயந்து மறுத்தபோது, யன்னலடியில் அதை எறிந்துவிட்டார்.

தகப்பனாரின் கோபத்தை நாம் எளிதாகக் குறை சொல்லமுடியாது. ஒரே கனவோடு வளர்த்த மகன் கந்தை உடுத்துப் பட்டணத்துப் பிள்ளைகளின் கல்லெறிக்கும் பரிகாசத்துக்கும் ஆளாகித் திரிவதை எந்தத் தகப்பன் பொறுப்பார்? பியேத்ரோ மகனைப் பிடித்து வந்து வீட்டின் இருட்டறையில் பூட்டினார். அவர் வெளியூர் போயிருந்த வேளையில் தாயார் மனம் பொறுக்காமல் கட்டை அவிழ்த்துவிட்டார்.

கடைசியில் வழக்கு 1206ஆம் ஆண்டில் ஆயர் குயிதோவின் முன் வந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி ஆயர் சொன்னார். மகன் பணத்தை மட்டும் கொடுக்கவில்லை. உடுத்தியிருந்த உடைகளையும் களைந்து தகப்பனாரின் காலடியில் வைத்தார். இனிமேல் பரலோகத்தில் இருக்கும் பிதாவையே தந்தை என்று அழைக்கப்போவதாக எல்லோர் முன்னிலையிலும் அறிவித்தார். ஆயர் தமது மேலாடையால் அவரை மூடிக்கொண்டார். தகப்பனார் உடைகளை அள்ளிக்கொண்டு வீடு திரும்பினார்.

இந்தக் காட்சியை ஓவியர்கள் அழகாகத் தீட்டியிருக்கிறார்கள். ஆனால் அதற்குப் பின் நடந்ததைப் பலர் அறியார்கள். வீதியில் மகனைக் காணும்போதெல்லாம் பியேத்ரோ சபித்தாராம். அந்தச் சாபம் பிரான்சிஸைச் சுட்டது. ஆதலால் ஏழைப் பிச்சைக்காரர் ஒருவரைத் தம்மோடு கூட்டிக்கொண்டு நடந்தார். தகப்பனார் சபிக்கும்போது அந்த ஏழை அவர்மீது சிலுவை அடையாளம் வரைந்து ஆசீர்வதிக்கவேண்டும் என்பது ஏற்பாடு. தகப்பனும் மகனும் பின்னர் சமாதானமானார்கள் என்று பழைய வரலாறுகள் எதுவும் கூறவில்லை. தம் வீட்டை இழந்த மனிதர் அவர். எமது வீடுகளுக்கெல்லாம் குடிலைத் தந்தவரும் அவரே என்பதை மனதில் வைத்துக்கொள்வோம்.

பெருகிய சகோதரர்கள்

பிச்சை எடுத்த கற்களைக் கொண்டு சான் தமியானோவையும் வேறு சிற்றாலயங்களையும் தம் கையாலேயே திருத்திக் கட்டினார். அவற்றுள் ஒன்று போர்சியுங்கொலா என்ற தேவதாயாரின் சிற்றாலயம். அங்கே ஒருநாள் திருப்பலியில், சீடர்கள் பொன்னும் வெள்ளியும் பையும் இல்லாமல் போதிக்கப் போகவேண்டும் என்ற நற்செய்திப் பகுதியைக் கேட்டார். அன்றிலிருந்து கயிறு கட்டிய முரட்டு அங்கியே அவரது உடையாயிற்று. செல்வந்தராகிய பெர்நார்து தம் உடைமைகளை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு வந்து சேர்ந்தார். வேறு சிலரும் வந்தனர். 1209ஆம் ஆண்டில் அந்தச் சிறு கூட்டம் உரோமைக்கு நடந்து போயிற்று. பாப்பரசர் 3ஆம் இன்னொசென்ட் அவர்களது வாழ்க்கை முறைக்கு வாய்மொழியாக அனுமதி கொடுத்தார். 1212இல் குருத்து ஞாயிறு இரவில் அசிசிப் பிரபு குடும்பத்துப் பெண்ணாகிய கிளாராவும் வீட்டைவிட்டு வந்து அதே வழியில் சேர்ந்தார்.

1219ஆம் ஆண்டில் சிலுவைப் போர் நடந்துகொண்டிருந்த எகிப்து நாட்டுக்குப் போனார் பிரான்சிஸ். தமியேத்தா நகரத்தின் அருகே ஆயுதமின்றிப் போர்முனையைக் கடந்து, சுல்தான் அல்-காமில் முன் நின்றார். இருவரும் ஒருவரை ஒருவர் மதித்துப் பேசினர். சுல்தான் அவரைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பினார். ஆனால் அந்தப் பயணத்திலிருந்து அவர் கண்நோயோடுதான் திரும்பினார். அந்நோய் அவரை விட்டு நீங்கவேயில்லை.

திரும்பி வந்தபோது சபையும் மாறியிருந்தது. பன்னிருவராய்ப் புறப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் பெருகியிருந்தார்கள். வீடுகளும் நூல்களும் வேண்டும் என்று கேட்பவர்கள் வந்திருந்தார்கள். போலோஞ்ஞா நகரில் சகோதரர்களின் வீடு என்று ஒரு கட்டடத்தை மக்கள் அழைப்பதைக் கேள்விப்பட்டதும், நோயாளிகள் உட்பட எல்லோரையும் அதைவிட்டு வெளியேறச் சொன்னார். 1220இல் தலைமைப் பொறுப்பை வேறொருவர் கையில் ஒப்படைத்தார். 1221இல் எழுதிய நீண்ட சபை ஒழுங்கு ஏற்கப்படவில்லை. மீண்டும் சுருக்கி எழுதப்பட்ட ஒழுங்கைப் பாப்பரசர் 3ஆம் ஒனோரியுஸ் 1223 நவம்பர் 29ஆம் திகதி அங்கீகரித்தார்.

அவருக்கு அப்போது ஏறக்குறைய 42 வயது. உடம்பு நலிந்துவிட்டது, கண் மங்கிவிட்டது. தாம் தொடங்கிய குடும்பம் தமது கைக்குள் அடங்காமல் வளர்ந்து வேறு பாதையில் போகிறதோ என்ற வேதனையும் இருந்தது. பிள்ளைகள் பெரியவர்களாகித் தம் வழியே போகும்போது பெற்றோருக்கு வரும் வேதனை அது. இந்த நிலையில்தான் நத்தார் நெருங்கி வந்தது.

கிரேச்சியோ மலையிலே

அசிசிக்கும் உரோமைக்கும் இடையில் ரியேத்திப் பள்ளத்தாக்கு இருக்கிறது. அதன் ஓரத்திலே செங்குத்தான மலைச்சரிவில் கிரேச்சியோ என்ற சிற்றூர். அவ்வூர் மக்கள் ஏழைகள். அதனாலேயே பிரான்சிஸ் அவர்களை விரும்பினார். முன்பு ஒருமுறை அங்கே கண்ணியில் அகப்பட்ட முயற்குட்டி ஒன்றை அவரிடம் கொண்டுவந்தார்கள். அவர் அதைத் தடவிக்கொடுத்துத் தரையில் விட்டார். அதுவோ ஓடாமல் திரும்பத் திரும்ப அவர் மடியிலேயே வந்து ஏறிற்று. கடைசியில் ஒரு சகோதரர் அதைக் காட்டுக்குள் கொண்டுபோய் விடவேண்டியதாயிற்று.

கிரேச்சியோவில் ஜோவான்னி என்ற பிரபு இருந்தார். குலப்பெருமையை விடப் புண்ணியத்தையே பெரிதாக எண்ணியவர். நத்தாருக்கு ஏறக்குறைய 15 நாட்களுக்கு முன் பிரான்சிஸ் அவரை அழைத்துத் தமது ஆசையைச் சொன்னார். பெத்லகேமில் பிறந்த பாலனின் நினைவை அவ்வூரில் கொண்டாடவேண்டும். பச்சைக் குழந்தைக்கு வேண்டிய எதுவும் இல்லாமல் அவர் பட்ட வறுமையையும், மாட்டுக்கும் கழுதைக்கும் நடுவில் வைக்கோலிலே கிடந்த விதத்தையும் தமது சரீரக் கண்ணாலேயே காணவேண்டும். இவ்வளவுதான் அவர் கேட்டது. கண் மங்கிக்கொண்டிருந்த மனிதர் கேட்டார் என்பதை மறக்கவேண்டாம்.

நத்தார் நிகழ்ச்சிகளை ஆலயங்களில் நடித்துக் காட்டும் வழக்கம் அதற்கு முன்னரும் இருந்தது. எனினும் மலைக்குகையில், மெய்யான வைக்கோலோடும் மிருகங்களோடும் திருப்பலி வைப்பது புதிய காரியம். ஆகவே யாரும் குறை சொல்லாதிருக்கப் பாப்பரசரிடம் முன்கூட்டியே அனுமதி பெற்றுக்கொண்டார் என்று புனித பொனவெந்தூர் எழுதியிருக்கிறார்.

அந்த இரவு வந்தது. சுற்றுவட்டாரத்து மடங்களிலிருந்து சகோதரர்கள் வந்தார்கள். ஊர்ச்சனங்கள் ஆண்களும் பெண்களுமாகத் தங்களால் இயன்ற மெழுகுதிரிகளையும் தீப்பந்தங்களையும் ஏந்திக்கொண்டு மலையேறினார்கள். காடு முழுதும் பாட்டு எதிரொலித்தது. குகையிலே தீவனத்தொட்டி தயாராக இருந்தது. வைக்கோல் இட்டிருந்தது. ஒரு மாடும் ஒரு கழுதையும் நின்றன.

வேறு என்ன இருந்தது? எமது பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் வியப்படைவார்கள். சுரூபம் ஒன்றும் இருக்கவில்லை. தேவதாயாராகவோ சூசையப்பராகவோ வேடம் இட்டவர்களும் இல்லை. பாலன் சுரூபம் கூட இல்லை. தொட்டி வெறுமையாக இருந்தது. அதன்மேல் பலிபீடம் அமைத்துத் திருப்பலி ஒப்புக்கொடுத்தார்கள். வெறுமையாக இருந்த அந்த இடத்துக்கு ஆண்டவர் அப்ப வடிவில் வந்தார். சுற்றி நின்ற ஏழை மக்களே இடையர்கள்.

பிரான்சிஸ் குருப்பட்டம் பெறாத தியாக்கோன். ஆதலால் தியாக்கோனுக்குரிய திருவுடை அணிந்து இனிய குரலில் நற்செய்தியைப் பாடினார். பின்பு ஏழை அரசர் பிறந்ததைப்பற்றிப் பிரசங்கம் செய்தார். இயேசு என்று சொல்ல வேண்டிய இடத்தில் பெத்லகேம் பாலன் என்றே அன்போடு சொன்னார். பெத்லகேம் என்ற சொல்லை ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் நீட்டி உச்சரித்தாராம். அச்சொல்லைச் சொல்லும்போது அதன் இனிப்பைச் சுவைப்பவர்போல் உதட்டை நக்கிக்கொண்டாராம். கற்றறிந்தவர்கள் சிரித்திருக்கலாம், அங்கிருந்த சிறுவர்களுக்கு மட்டும் அது நன்றாகவே விளங்கியிருக்கும்.

அப்போது அங்கே நின்றவர்களில் பக்தியுள்ள ஒருவர் ஓர் அதிசயக் காட்சி கண்டார். தொட்டியிலே ஒரு குழந்தை உயிரற்றதுபோல் கிடந்தது. பிரான்சிஸ் கிட்டப்போக, அது ஆழ்ந்த தூக்கத்திலிருந்து விழிப்பதுபோல் விழித்துக்கொண்டது. 1228, 1229ஆம் ஆண்டுகளில் அசிசியாரின் முதல் வரலாற்றை எழுதிய செலானோ தோமாஸ் என்ற சகோதரர், இந்தக் காட்சிக்குப் பொருளும் கூறியிருக்கிறார். பலருடைய உள்ளங்களில் பாலன் இயேசு மறக்கப்பட்டுப் போயிருந்தார். அவருடைய ஊழியரின் மூலமாக அவர் அந்த உள்ளங்களில் மீண்டும் எழுப்பப்பட்டார் என்பதே அது.

திருப்பலி முடிந்ததும் எல்லோரும் மகிழ்ச்சியோடு வீடு திரும்பினார்கள். தொட்டியில் இருந்த வைக்கோலை எடுத்து வைத்துக்கொண்டு நோயுற்ற மாடுகளுக்குக் கொடுத்தார்கள். பின்னாளில் அந்த இடத்திலேயே ஆலயமும் எழுந்தது. அந்த நூற்றாண்டின் முடிவில் உரோமையில் மரியன்னை பேராலயத்துக்காக அர்னொல்போ என்ற சிற்பி கல்லிலே குடில் சுரூபங்கள் செதுக்கினார். பிரான்சிஸ்கன் சகோதரர்கள் போன நாடெல்லாம் அந்த வழக்கத்தை எடுத்துச் சென்றார்கள். எமது இலங்கைக்கும் அவர்கள் 1543இல் வந்தார்கள். யாழ்ப்பாணத்திலும் போத்துக்கேயர் காலத்தில் மறைப்பணி செய்தார்கள்.

அவர் விரும்பிய நத்தார்

திருநாட்களுக்கெல்லாம் திருநாள் நத்தார் என்று பிரான்சிஸ் எண்ணினார். கடுமையான தபசி அவர். எனினும் அன்று யாரும் பசியோடு இருக்கக்கூடாது. ஒருமுறை நத்தார் வெள்ளிக்கிழமையில் வந்தது. அன்று இறைச்சி உண்ணலாமா என்று ஒரு சகோதரர் கேட்டார். பாலன் பிறந்த நாளை வெள்ளிக்கிழமை என்று சொன்னதே அவருக்குப் பிடிக்கவில்லை. அன்று சுவர்கள் கூட இறைச்சி உண்ணவேண்டும், உண்ண முடியாவிட்டால் அவற்றின் மேலாவது பூசிவிடவேண்டும் என்று சொன்னாராம்.

இன்னும் ஓர் ஆசையும் அவருக்கு இருந்தது. சக்கரவர்த்தியைக் காணக் கிடைத்தால் ஒரு சட்டம் இயற்றும்படி மன்றாடுவாராம். நத்தார் நாளிலே வசதியுள்ளவர்கள் ஏழைகளுக்கு வயிறு நிறைய உணவு கொடுக்கவேண்டும். மாடுகளுக்கும் கழுதைகளுக்கும் வழக்கத்திலும் கூடுதலாக வைக்கோலும் தீனியும் வைக்கவேண்டும். பறவைகளுக்காக, முக்கியமாக வானம்பாடிகளுக்காக, வீதிகளில் தானியம் தூவவேண்டும். வானம்பாடிகள் அவருக்கு மிகவும் பிரியமானவை. தலையில் துறவியின் முக்காடு போன்ற கொண்டை. மண் நிறத்தில் ஏழையின் உடை.

அந்தச் சட்டத்தை எந்தச் சக்கரவர்த்தியும் இயற்றவில்லை. ஆனால் எந்த வீட்டிலும் அதை இயற்றலாம்.

வானம்பாடிகளின் வழியனுப்பல்

கிரேச்சியோவுக்குப் பின் அவர் 3 ஆண்டுகள்கூட உயிரோடு இருக்கவில்லை. 1224 செப்டெம்பரில் லா வேர்னா மலையில் ஆண்டவரின் ஐந்து காயங்களைத் தம் உடலில் பெற்றார். கண்நோய்க்காக வைத்தியர்கள் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்டார்கள். அந்த வேதனையின் நடுவிலே, 1225இல், சூரியனையும் சந்திரனையும் தண்ணீரையும் நெருப்பையும் சகோதர சகோதரிகளாக அழைத்து இறைவனைப் புகழும் கீதத்தை இயற்றினார்.

1226 ஒக்டோபர் 3ஆம் திகதி சனிக்கிழமை மாலையில் போர்சியுங்கொலாவில் மரணம் நெருங்கியது. தம்மை வெறுந்தரையில் கிடத்தும்படி முன்னமே கேட்டிருந்தார். அந்திநேரத்தில் வானம்பாடிகள் கூட்டமாக வந்து, அவர் கிடந்த வீட்டின்மேல் வட்டமிட்டுப் பாடின என்று அவருடைய சகோதரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டு ஆண்டுகளுக்குள், 1228 யூலை 16ஆம் திகதி, பாப்பரசர் 9ஆம் கிரகோரியார் அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். அவருடைய பெயரைத் தாங்கிய பாப்பரசர் பிரான்சிஸ் 2019 டிசம்பர் 1ஆம் திகதி அதே கிரேச்சியோக் குகைக்குப் போய், வீடுகளில் குடில் கட்டும் வழக்கத்தைக் கைவிட வேண்டாம் என்று கேட்கும் திருமடலில் அங்கேயே கையொப்பமிட்டார்.

எமது வீடுகளில்

அன்பான பெற்றோரே, நத்தார் இப்போது செலவு மிக்க பண்டிகையாகிவிட்டது. புதுஉடுப்பு, வெடி, மின்விளக்கு என்று பட்டியல் நீளுகிறது. அயல்வீட்டு நட்சத்திரத்திலும் எமது நட்சத்திரம் பெரிதாக இருக்கவேண்டும் என்ற போட்டியும் சில இடங்களில் உண்டு. வாங்கிக் கொடுக்க முடியாத தகப்பன் பிள்ளையின் முகத்தைப் பார்க்கக் கூசுகிறான். கிரேச்சியோவில் எழும்பிய பாலன் எமது வீடுகளில் திரும்பவும் தூங்கிப்போகிறாரோ? இடம்பெயர்ந்த காலங்களில் அகதி முகாமிலே, கிடைத்த கடதாசியையும் கிடுகையும் கொண்டு குடில் கட்டிய குடும்பங்கள் எம்மிடையே இருக்கின்றன. அவர்களைக் கேட்டுப் பாருங்கள். குடிலுக்கு வேண்டியது எவ்வளவு கொஞ்சம் என்று அவர்கள் சொல்வார்கள்.

ஆகவே சிறு பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குச் சில எளிய யோசனைகள். குடிலைப் பெரியவர்கள் கட்டிவிட்டுப் பிள்ளைகளைத் தொடவேண்டாம் என்று சொல்லாதீர்கள். அவர்களே கட்டட்டும், கோணலாக இருந்தால் இருக்கட்டும். ஒரு சிரட்டையில் மண் இட்டு நெல்லோ குரக்கனோ தூவி, நாள்தோறும் தண்ணீர் தெளிக்கக் கொடுங்கள். நத்தாருக்கு முன் அது பச்சைப்புல்லாகிவிடும். அதுவே குடிலின் வயல். பாலனின் தொட்டியை வெறுமையாக வையுங்கள். பொய் சொல்லாமல் இருந்தால், தம்பியோடு சண்டையை நிறுத்தினால், அம்மம்மாவுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தால், ஒவ்வொன்றுக்கும் ஒரு வைக்கோல் துண்டைப் பிள்ளை அதில் இடட்டும். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்ததும் வீட்டின் கடைசிப் பிள்ளை பாலனை அதிலே கிடத்தட்டும். தூங்கி விழுந்தாலும் அந்த ஒரு வேலைக்காக எழுப்பிவிடுங்கள்.

விடிந்ததும் அசிசியாரின் சட்டத்தை நிறைவேற்றுங்கள். முற்றத்தில் ஒரு பிடி அரிசியைப் பிள்ளையின் கையால் குருவிகளுக்குத் தூவுவியுங்கள். ஆடு மாடு இருந்தால் அன்று அவற்றுக்கு ஒரு கட்டுக் குழையோ வைக்கோலோ கூடுதலாகப் போடுங்கள். மன்னார்ப் பிள்ளைகள் வீதியில் நிற்கும் கழுதைகளையும் மறக்கவேண்டாம். பலகாரத் தட்டை வசதியான வீட்டுக்கு அனுப்புவதற்கு முன், அன்று அடுப்பு மூட்டக் கஷ்டப்படும் வீட்டுக்கு அனுப்புங்கள். பிள்ளையே கொண்டுபோய்க் கொடுக்கட்டும். எந்தச் சமயத்தவர் வீடாக இருந்தாலும் சரி. நெடுநாள் பேசாமல் இருக்கும் தகப்பனோ மகனோ சகோதரமோ இருந்தால், அந்த வாசலுக்கும் ஒரு தட்டுப் போகட்டும். அசிசியாருக்குத் தம் தகப்பனோடு கிடைக்காத சமாதானம் எம்மில் ஒருவருக்காவது இந்த நத்தாரில் கிடைக்கட்டும்.

இவற்றில் ஒன்றுக்கும் பெரிய காசு வேண்டியதில்லை. வருடங்கள் போனபின் பிள்ளைகளின் மனதில் நிற்கப்போவதும் இவைதான். குடிலின் முன் குடும்பமாக முழந்தாளிட்டு, எமது உள்ளங்களில் தூங்கும் பாலனை எழுப்பும்படி புனித பிரான்சிஸ் அசிசியாரை மன்றாடுவோம். எல்லா வீடுகளுக்கும் பாலன் இயேசுவின் சமாதானம் கிடைப்பதாக.